ஏழாவது கேள்வியும் பச்சைச் சரியும்

பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் செய்முறை வகுப்பு நடத்துகிறவர்களுக்கு உடுப்பில் ஓட்டை விழும், விரலில் கறை பிடிக்கும், மேலிடத்தில் ஏச்சும் கிடைக்கும். நன்றி கிடைத்ததாக மட்டும் நான் கேள்விப்பட்டதில்லை. பத்து வருடமாக இரசாயனவியல் ஆய்வுகூடத்தில் எனக்கு இதுதான் வேலை. முதலாம் வருடப் பிள்ளைகளுக்குக் கண்ணாடிக் குழாயைப் பிடிக்கப் பழக்குவேன். அவர்கள் அதை உடைத்தால் கொப்பியில் பதிவேன். என் ஒப்பந்தத்தை வருடத்துக்கு வருடம் புதுப்பிப்பார்கள், அதனால் வருடத்தில் சில மாதங்கள் நான் வாயைப் பொத்திக்கொண்டுதான் திரிவேன். மருதமுனையில் இருந்து ஸ்கூட்டியில் போய் வருகிறேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

இந்த வேலையோடு வாசல் காவலும் வந்து சேர்ந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன். செய்முறைக்கு வருமுன் பிள்ளைகள் இணையத்தில் ஒரு தளத்துக்குள் போய்க் காணொளி பார்க்க வேண்டும். பாதுகாப்பைப் பற்றிப் பத்துக் கேள்விகளுக்கு விடை போட வேண்டும். பத்தும் சரியானால் போன் திரையில் பச்சை நிறத்தில் ஒரு சரி அடையாளம் விழும். அதை வாசலில் என்னிடம் காட்டினால்தான் உள்ளே விடலாம். பெற்றோல் தட்டுப்பாட்டு நாட்களில் வெயிலில் வரிசையில் நின்று, போனில் கியூஆர் குறியை நீட்டினீர்களே, அதே மாதிரித்தான். அந்தப் போன் "இல்லை" என்று சொன்னால் மனுசனுடைய பேச்சு எடுபடாது என்பது உங்களுக்குத் தெரியும். இந்தத் தடவை நான் போனை வாங்கிப் பார்க்கிற பக்கத்தில் நின்றேன். அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்ட கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வேலை குறையுமாம்

தளத்தைப் பழக்குவதற்குக் கொழும்பில் இருந்து ஒருவர் வந்தார். குளிரூட்டிய மண்டபத்தில் எங்களை இருத்தி, சுவரில் படம் காட்டினார். மாணவர்கள் தயாராக வருவார்கள், கண்ணாடி உடையாது, விபத்து நடக்காது, விரிவுரையாளர்கள் ஒரே கேள்விக்கு ஐம்பது தடவை பதில் சொல்லத் தேவையில்லை என்றார். "உங்களுக்கு வேலை பாதியாகக் குறையும்" என்று ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தடவை சொன்னார். எங்கள் துறைத் தலைவர் முன் வரிசையில் இருந்து தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

வேலை எப்படிக் குறைந்தது என்று சொல்கிறேன். கேள்விகளைத் தளத்தில் ஏற்றுகிற வேலை எனக்கு. கடவுச்சொல்லை மறந்த பிள்ளைகளுக்குப் புதிது எடுத்துக் கொடுக்கிறது எனக்கு. வாசலில் நிற்பது எனக்கு. முன்பு செய்த எல்லாம் அப்படியே எனக்கு. கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது எங்கள் ஆய்வுகூட உதவியாளர் யோகண்ணன் தேத்தண்ணிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு நின்றார். பாண்டிருப்பு ஆள், நான் வேலைக்குச் சேர முதலே அங்கே இருக்கிறவர்.

"மிஸ், வேலை குறையும் எண்டு சொல்லிக்கொண்டு வந்த எந்தச் சாமானாவது இந்த லெபில ஆருக்காவது வேலையைக் குறைச்சிருக்கா?"

கஞ்சி நேரம்

அந்தப் பத்துக் கேள்விகளையும் நான் தளத்தில் ஏற்றிய நாள் நோன்பு மாதத்தில் வந்தது. பின்னேரம் நாலு மணி, நாக்கு வறண்டு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆறு கேள்வி முடிந்தபோது தங்கச்சி போன் எடுத்தாள். பள்ளிவாசலில் கஞ்சி ஊற்றத் தொடங்கிவிட்டார்களாம், வாளியோடு போக வீட்டில் ஆளில்லையாம், நீ எப்போது வருகிறாய் என்றாள். மீதி நாலையும் கடகடவென்று ஏற்றிச் சேமித்துவிட்டு ஓடினேன். இதை ஏன் சொல்கிறேன் என்று பிறகு விளங்கும்.

அடுத்த கிழமை பிள்ளைகளுக்குத் தளம் திறந்தது. கிழமைக்கு மூன்று தடவை விடை போட்டுப் பார்க்கலாம். செவ்வாய் பின்னேரம் ஆறரைக்குத் தளம் பூட்டிவிடும், புதன்கிழமை செய்முறை. ஆறரை மணியை யார் தீர்மானித்தார்களோ தெரியாது. எங்கள் பிள்ளைகள் பகல் முழுக்க விரிவுரையில் இருந்து, பஸ் ஏறி வீட்டுக்குப் போய், கேள்வியைத் திறக்கிற நேரத்தில் நோன்பு திறக்கப் பாங்கு சொல்லும். ஒரு கையில் பேரீச்சம்பழம், மறு கையில் போன். வீட்டுக்கு ஒரு போன் என்றால் அதுவும் உம்மாவின் கையில் இருக்கும். நோன்பு முடியும் வரைக்கும் நேரத்தைப் பத்து மணிக்கு மாற்றித் தரும்படி கொழும்புக்கு எழுதினேன். இரண்டு நாள் கழித்து ஒரு பெண் போன் எடுத்து மிக மரியாதையாகப் பதில் சொன்னாள்.

"மற்ற இடங்கள்ல இருந்து இப்படியொரு கம்ப்ளெயின்ட் வரவே இல்லையே, மேடம்."

பத்துக்கு ஒன்பது

முதல் புதன்கிழமை வாசலில் ஐந்து பேர் பச்சைச் சரி இல்லாமல் நின்றார்கள். நாலு பேர் அடுத்த கிழமைக்குள் எடுத்துவிட்டார்கள். எடுக்காத ஒருத்தி சிபானா. பொத்துவில் பிள்ளை. விடுதியில் இடம் கிடைக்கவில்லை, முதல் பஸ்ஸில் ஏறி இரண்டு மணித்தியாலம் வந்து சேர்கிறவள். உம்மாவின் போனைக் கொண்டுவந்திருந்தாள், திரையில் குறுக்கே ஒரு வெடிப்பு. பத்துக்கு ஒன்பது. ஏழாவது கேள்விக்கு நேரே சிவப்பில் ஒரு பிழை அடையாளம்.

"மிஸ், ஏழாவது கேள்விய ஒருக்காப் பாருங்களன்" என்றாள். எனக்குப் பின்னால் நாற்பது பிள்ளைகள் மேலங்கி போட்டுக்கொண்டு நிற்கிறார்கள், நேரமும் போய்க்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் பிழை விடாது, படித்துவிட்டு வாருங்கள் என்று சொன்னேன். அந்த வார்த்தை அப்படியேதான் என் வாயில் இருந்து வந்தது. அவள் சண்டை பிடிக்கவில்லை. போனைப் பையில் வைத்துக்கொண்டு, ஏதோ நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது மாதிரிச் சொன்னாள்.

"படிச்சிட்டுத்தான் மிஸ் வந்த."

கட்டாரில் இருந்து வந்த பத்து

இரண்டாம் கிழமை தளம் எனக்கு ஒரு எச்சரிக்கை அனுப்பியது. அஷ்பாக் என்ற மாணவர் பத்துக்குப் பத்து எடுத்திருக்கிறார், ஆனால் விடைகள் கட்டாரில் இருந்து வந்திருக்கின்றன. நான் தலையை நிமிர்த்திப் பார்த்தேன். அஷ்பாக் எனக்கு முன்னால், மழையில் நனைந்த சட்டையோடு நின்றான். விசாரித்தேன். வீட்டில் சிக்னல் இல்லையாம், டேட்டாவும் முடிந்துவிட்டதாம். தோஹாவில் வேலை செய்கிற காக்காவிடம் கடவுச்சொல்லைக் கொடுத்திருக்கிறான். தம்பி படிக்கட்டும் என்று காசு அனுப்புகிற காக்கா, தம்பிக்காகப் பரீட்சையும் எழுதிவிட்டார். எங்கள் ஊரில் வீடு கட்டுவது, தங்கச்சிக்குக் கலியாணம் முடிப்பது, உம்மாவுக்குக் கண் ஒப்பரேஷன் செய்வது எல்லாம் கட்டாரில் இருந்துதானே நடக்கிறது. பாதுகாப்புக் கேள்வி மட்டும் ஏன் பாக்கி இருக்க வேண்டும்?

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை என் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், என் கதிரையில் இருத்தி, என் கணினியைத் திறந்து கொடுத்து, என் கண்முன்னால் போடு என்றேன். கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். ஒரு இடத்திலும் தயங்காமல் பத்தையும் போட்டான். பச்சை விழுந்தது. நான் திரையின் மூலையில் அந்தப் பச்சையை மட்டும் பார்த்தேன், பார்த்துச் சந்தோசமும் பட்டேன். எழுந்து போகும்போது அவனே சொன்னான்.

"காக்காதான் மிஸ் இரிந்து எந்த நம்பருக்கு எந்த விடை எண்டு பாடமாக்கித் தந்த."

காட்டின லெப்

காணொளியில் வருகிற ஆய்வுகூடத்தை நீங்கள் பார்க்க வேண்டும். சுவர் வெள்ளை, மேசை வெள்ளை, ஆட்கள் அதை விட வெள்ளை. திரவத்தை உறிஞ்சுவதற்குக் கையடக்கமான ஒரு மின்கருவி, பொத்தானை அழுத்தினால் அளந்து எடுத்து அளந்து விடும். அதைப் பார்த்துத் தயாராகி வந்த பிள்ளைக்கு யோகண்ணன் எங்கள் றப்பர் உறிஞ்சியைக் கொடுத்தார். அது வெடித்துப் பல காலம். வெடித்த இடத்தில் சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிக் கட்டியிருக்கிறார். காற்று பிடிக்கும், ஆனால் கட்டை விரலால் வெடிப்பைப் பொத்திக்கொள்ள வேண்டும். எந்தக் காணொளியும் அந்த விரலைப் பற்றிச் சொல்லித் தரவில்லை. புதிது கேட்டு நான் எழுதின கடிதங்கள் எங்கே போயினவோ தெரியாது. தளம் வாங்கக் கிடைத்த கையெழுத்து இதற்குக் கிடைக்கவில்லை.

அந்த நேரம் முழுக்க சிபானா வெளியே தாழ்வாரத்தில் இருந்தாள். அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதாக்கும் என்று நான் நினைத்தேன். ஜன்னல் பக்கம் தலை தெரிந்தது, அதற்கு மேல் நான் பார்க்கவில்லை. உள்ளே றப்பர் உறிஞ்சியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்த பெண்பிள்ளை ஒருத்தி என்னிடம் கேட்டாள்.

"மிஸ், வீடியோவில காட்டின அந்த லெபுக்கு நாங்க எப்ப போற?"

ஒரு சிவப்புக் கோடு

மூன்றாம் கிழமை முடிந்ததும் துறைக் கூட்டம். தலைவர் சுவரில் ஒரு படம் காட்டினார். வகுப்பு முழுக்கப் பச்சைக் கோடுகள், அருகம்புல் வரம்பு மாதிரி. அதற்குள் ஒரேயொரு சிவப்புக் கோடு. கொழும்பில் இருந்து பாராட்டு வந்திருக்கிறதாம், இந்தப் பக்கத்தில் நாங்கள்தான் முன்னுக்காம். எல்லாரும் மேசையில் தட்டினோம். நானும் தட்டினேன்.

எங்கள் விதிப்படி நாலு செய்முறை தவறினால் பரீட்சை எழுத முடியாது. பரீட்சை எழுதாவிட்டால் முதலாம் வருடத்தை மறுபடி படிக்க வேண்டும். அதுவரை வந்த பஸ் செலவும், அவளுக்குப் பின்னால் இருக்கிற தம்பி தங்கச்சிகளின் முறையும் எல்லாம் ஒரு வருடம் பின்னால் போகும். சில வீடுகளில் அதோடு படிப்பே நின்றுவிடும், பெண்பிள்ளை என்றால் கேட்கத் தேவையில்லை. சிபானாவுக்கு மூன்று தவறியிருந்தது. அவள் மூன்று தடவையும் ஏழாவது கேள்வியைப் பார்க்கச் சொன்னாள் என்ற வார்த்தை என் தொண்டை வரைக்கும் வந்தது. ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாதம். விழுங்கிவிட்டேன். தலைவர் அந்தச் சிவப்புக் கோட்டை விரலால் தொட்டு, பெரிய மனசோடு சிரித்தார்.

"இந்தப் பிள்ள கொஞ்சம் வீக் போல, மிஸ். ஒவ்வொரு பெச்சிலயும் ஒண்டு இரிக்கும்தானே."

நாலாம் கிழமை

நாலாம் புதன்கிழமையும் அவள் பத்துக்கு ஒன்பதோடு வந்தாள். "பாருங்களன்" என்றாள், நானும் வழக்கம் போல முடியாது என்று தலையை ஆட்டினேன். அன்றைக்குச் செறிந்த சல்பூரிக்கமிலத்தைத் தண்ணீரோடு கலந்து ஐதாக்குகிற, அதாவது வீரியம் குறைக்கிற செய்முறை. உயர்தரத்தில் இரசாயனவியல் படித்த எவருக்கும் தெரிய வேண்டிய முதல் விசயம், தண்ணீருக்குள்தான் அமிலத்தை விட வேண்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. அமிலத்துக்குள் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் அடிக்கும். தெரிய வேண்டும் என்றுதான் சொன்னேன். அஷ்பாக் படித்த பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூடம் இருந்ததாம், அமிலம் இருக்கவில்லையாம்.

நான் அடுத்த மேசையில் நின்றேன். யோகண்ணன் "தம்பி!" என்று கத்தியது கேட்டது. திரும்பியபோது அஷ்பாக்கின் ஒரு கையில் அமிலக் குவளை, மறு கையில் இருந்த தண்ணீர் அதற்குள் விழுந்துகொண்டிருந்தது. யோகண்ணன் அவனை நெஞ்சில் பிடித்துத் தள்ளிவிட்டுத் தன் கையைக் குறுக்கே கொடுத்தார். சீறிய சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. அவர் முழங்கையில் இருந்து மணிக்கட்டு வரைக்கும் அமிலம் பொட்டுப் பொட்டாக விழுந்தது. குழாயைத் திறந்து அவருடைய கையைத் தண்ணீருக்குக் கீழே பிடித்துக்கொண்டு நான் அஷ்பாக்கை வாயில் வந்தபடி ஏசினேன். உனக்குக் கண்ணில்லையா, மூளையில்லையா, பாதுகாப்புக் கேள்வியில் பத்துக்குப் பத்து எடுத்த ஆள்தானே நீ என்றேன். அவனும் திருப்பிக் கத்தினான்.

"அதுல இதத்தானே மிஸ் சரியெண்டு போட்டிரிக்கி!"

குரூப்பில் வந்தது

யோகண்ணனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, கை ஈரத்தோடு போனை எடுத்துத் தளத்துக்குள் போனேன். ஏழாவது கேள்வி. அமிலத்தை ஐதாக்கும்போது எதற்குள் எதை ஊற்ற வேண்டும்? தளம் சரி என்று வைத்திருந்த விடை: அமிலத்துக்குள் தண்ணீரை. அந்தத் தளத்தில் ஒரு பழக்கம் உண்டு. நாங்கள் மாற்றாவிட்டால் முதலாவது விடையைத் தானாகவே சரியென்று எடுத்துக்கொள்ளும். ஒன்பது கேள்விக்கு நான் பார்த்துச் சரிபண்ணியிருக்கிறேன். ஏழாவதில் தங்கச்சியும் கஞ்சி வாளியும் குறுக்கே வந்துவிட்டார்கள். கொழும்பு ஏற்றவில்லை, கம்ப்யூட்டர் ஏற்றவில்லை, நான் ஏற்றினேன்.

வகுப்பைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டேன். இந்த விடை பிழை என்று எத்தனை பேருக்கு முன்பே தெரியும்? முதலில் ஒரு கை உயர்ந்தது. பிறகு பத்து. பிறகு எண்ணத் தேவையில்லாமல் போய்விட்டது. பிழை என்று தெரிந்தே போட்டு, பச்சை எடுத்து, என்னிடம் போனை நீட்டி, சிரித்துக்கொண்டு உள்ளே வந்திருக்கிறார்கள். நாற்பது பேரில் ஒருவர் கூட வந்து சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். முன் வரிசைப் பெண்பிள்ளை தயங்கித் தயங்கி எழும்பினாள்.

"ஏழாவதுக்குப் பிழையானதப் போட்டாத்தான் பச்சை வரும் எண்டு வட்ஸப் குரூப்பில போட்டிரிந்தாங்க மிஸ். ஒங்களுக்குத் தெரியும் எண்டுதான் நாங்க நெனச்ச."

வாப்பாட கை

தாழ்வாரத்துக்கு ஓடினேன். சிபானா வாங்குப் பலகையில் இருந்தாள். மடியில் செய்முறைக் கொப்பி. வாங்கிப் பார்த்தேன். நாலு கிழமைச் செய்முறையும் அதில் இருந்தது. ஜன்னல் வழியாக உள்ளே நடந்ததைப் பார்த்துப் படம் கீறி, படிமுறை எழுதி, அளவு தெரியாத இடங்களில் மட்டும் வெறும் கோடு போட்டு விட்டிருந்தாள். நான் அவளுக்கு முன்னால் நின்றபடி, மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக, வெட்கமில்லாமல் இன்னொரு கேள்வி கேட்டேன். குரூப்பில் வந்தது உனக்குத் தெரியாதா?

தெரியும் என்றாள். அவள் கொண்டுவருகிற உம்மாவின் போனில் அந்தக் குரூப் இல்லை, ஆனால் இரண்டாம் கிழமையே ஒரு கூட்டாளி சொல்லியிருக்கிறாள். அந்த ஒரு விடையை மாற்றியிருந்தால் மூன்று நாள் உள்ளே இருந்திருப்பாள். ஏன் மாற்றவில்லை என்று கேட்டேன். பொத்துவிலில் அவளுடைய வாப்பாவுக்குப் பற்றரிக் கடை. உழவு இயந்திரத்துக்கும் முச்சக்கர வண்டிக்கும் பற்றரி சரிபண்ணுகிற இடம், அமிலம் கலக்காத நாள் கிடையாது. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கடைக்குப் புதிதாக வந்த ஒருவர் அமிலத்துக்குள் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். பக்கத்தில் நின்றது வாப்பா. இதைச் சொல்லிவிட்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"வாப்பாட கையப் பாத்துக்கொண்டு நான் எப்பிடி மிஸ் அதச் சரியெண்டு போடுற?"

ஒரு மெடிக்கல்

அன்றைக்கே தலைவரிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். முகம் ஒரு நிமிடம் கறுத்தது, பிறகு தெளிந்துவிட்டது. கொழும்புக்கு இது போகக் கூடாது என்றார், பாராட்டு வந்து ஒரு கிழமை கூட ஆகவில்லை என்றார். அந்தப் பிள்ளையைக் காப்பாற்ற வழி இருக்கிறது, ஒரு மெடிக்கல் போடச் சொல்லுங்கள் என்றார். மெடிக்கல் என்றால் உங்களுக்குத் தெரியும். நாலு கிழமையும் காய்ச்சல் என்று ஒரு வைத்தியர் எழுதிக் கொடுத்தால் தவறிய செய்முறைகளைப் பிறகு செய்ய விடலாம். யாருக்கும் சேதம் இல்லை. ஏழாவது கேள்வியை நான் சத்தமில்லாமல் திருத்திவிடலாம். யோகண்ணனின் கைக்கு, கவனக்குறைவு என்று ஒரு குறிப்பு. யாருடைய கவனக்குறைவு என்று குறிப்பில் இருக்காது.

வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கு அது நல்ல வழியாகப் பட்டது. சிபானாவைக் கூப்பிட்டு இதைச் சொன்னேன். காய்ச்சல் என்று எழுதத் தெரிந்த வைத்தியரின் பெயரைக் கூடச் சொன்னேன். நாலு கிழமை வாசலில் வைத்து அவளைச் சோதித்தேன், உள்ளே கூப்பிட்டதும் இன்னொரு பிழையான விடையை அவள் முன்னால் வைத்து, இதைப் போடு, பச்சை வரும் என்கிறேன். அவள் யோசித்தே பதில் சொன்னாள். கோபம் இல்லை, மரியாதை குறையவும் இல்லை.

"எனக்குக் காய்ச்சல் ஒண்டும் வரல்லியே மிஸ். நான் ஒவ்வொரு கிழமையும் இங்க வந்துதானே நிண்ட."

என் கையெழுத்து

அன்று பின்னேரம் இருந்து ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினேன். ஏழாவது கேள்வியின் விடையைப் பிழையாக ஏற்றியது நான். அந்த மாணவி நாலு தடவை பார்க்கச் சொல்லியும் பார்க்காமல் திருப்பி அனுப்பியதும் நான். பிழையான விடையைப் படித்துக்கொண்டு வந்தவரை உள்ளே விட்டதால் ஓர் ஊழியரின் கை வெந்தது. மாணவி எல்லா நாளும் வந்திருந்தார், வரவு பதியப்பட வேண்டும். கீழே பெயர், பதவி, கையெழுத்து. தலைவர் அதை இரண்டு தடவை வாசித்தார். கணினிக் கோளாறு என்று ஒரு சொல் போட்டால் போதுமே, உங்களுக்கும் நல்லது என்றார். அந்தக் கணினியைப் பற்றி நானும் இவ்வளவு நேரம் ஏசிக்கொண்டுதான் இருந்தேன், வாசகர்களே. ஆறரை மணிக்குப் பூட்டியது அதனுடைய குற்றம். சைக்கிள் டியூபைப் பற்றித் தெரியாதது அதனுடைய குற்றம். ஆனால் "பாருங்களன்" என்று ஒரு பிள்ளை சொன்னபோது பார்க்கக் கண் இருந்தது எனக்கு, கணினிக்கு இல்லை. கடிதத்தை மாற்ற மாட்டேன் என்றேன். யோகண்ணன் கட்டுப் போட்ட கையோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சேர், அந்தக் கடிதத்துக்குச் சாட்சி வேணுமெண்டால் என்ட கை இருக்கு."

சனிக்கிழமை

கடிதம் துறைக்கு மேலே இருக்கிற பீடத்துக்குப் போனது. அங்கே என்ன கதைத்தார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை. தவறிய நாலு செய்முறைகளையும் சிபானா ஒரே சனிக்கிழமையில் செய்யலாம் என்று ஒரு கடிதம் அவளுக்கு வந்தது. விளக்கம் கேட்டு ஒரு கடிதம் எனக்கு வந்தது. ஒப்பந்தக் கடிதம் மட்டும் இன்னும் வரவில்லை.

சனிக்கிழமை அவள் வாப்பாவோடு வந்தாள். சாரமும் முழுக்கைச் சட்டையும் போட்ட மெலிந்த மனிதர். உள்ளே வரச் சொன்னேன், வாசலிலேயே நின்றுகொண்டார். சிபானா மேலங்கியைப் போட்டுக்கொண்டு அமிலச் செய்முறையை முதலில் எடுத்தாள். குவளையில் தண்ணீர், கையில் அமிலம். குவளையின் ஓரத்தால் கொஞ்சம் விட்டாள், கிளறினாள், வெளிப்பக்கத்தைத் தொட்டுச் சூடு பார்த்தாள், ஆறவிட்டாள், மறுபடி கொஞ்சம் விட்டாள். யோகண்ணன் பக்கத்தில் நின்றாலும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நான் வாசலுக்குப் போய் அவளுடைய வாப்பாவிடம், பிள்ளை கெட்டிக்காரி என்றேன். அவர் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. சட்டைக் கையை ஒரு மடிப்பு மேலே ஏற்றினார், வெயிலுக்காகத்தான் இருக்க வேண்டும். மணிக்கட்டில் இருந்து மேலே தோல் சுருங்கி, உரித்துவிட்டு மறுபடி ஒட்டியது மாதிரி இருந்தது. கண்ணை எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, எடுக்க முடியவில்லை. அவர் குரலை உயர்த்தாமல், மகளுக்குக் கேட்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கேட்டார்.

"நாலு கிழம என்ட புள்ள இந்த வாசல்ல நிண்டிச்சி மிஸ். ஒருக்காவாவது அது என்ன கேள்வி எண்டு பாக்கத் தோணல்லியா ஒங்களுக்கு?"

பத்து வருட ஆய்வுகூட வேலையில் பாதுகாப்புப் பரீட்சையில் உண்மையாகவே தோற்ற ஆள் நான் ஒருத்திதான், ஆனால் எனக்கு மட்டும் அந்தக் கதவு ஒரு நாளும் பூட்டியிருக்கவில்லை.